ஊற்றுக்கண்ணில் கண்ணில்லா மீன்கள்

மூளையைத் தின்னும் அமீபா என்று பத்திரிகைகள் பெயர் வைத்த நோய்க்கு 2025-ல் கேரளத்தில் பலர் பலியானார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ‘ஜலமாணு ஜீவன்’, அதாவது தண்ணீரே உயிர் என்ற பெயரில், கிணறுகளுக்குக் குளோரின் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவும் வேலையை அம்மாநில அரசு ஊர் ஊராக நடத்தியது. உயிர் போகிற காரியம், தயங்க முடியாது. ஆனால், அந்த மண்ணின் கிணறுகள் சிலவற்றில், ஊற்றுக்கண்ணுக்குப் பின்னால், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் குடியிருக்கின்றன. நோயை விரட்டுகிற அதே கையால் அவற்றை விட்டுவைக்கவும் முடியும். அதற்கு, நிலத்தடி நீரை நமக்காக நிரப்பி வைத்த தொட்டியாக நினைப்பதை முதலில் விட வேண்டும்.

செங்கன்னூரில் ஒருவர் குளிப்பதற்காக வாளியில் தண்ணீர் பிடித்தார். கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றி, தொட்டியில் நின்று, குழாய் வழியே வந்த தண்ணீர். அதில் சிவப்பு நூல் துண்டுபோல் ஒன்று நெளிந்தது. புழு என்று கொட்டிவிட்டுப் போயிருக்கலாம், அவர் கொட்டவில்லை. ஆய்வாளர்கள் கைக்குப் போன அந்த நூல் துண்டு அதுவரை அறிவியலுக்குத் தெரியாத மீன் என்று 2022-ல் உறுதியானது. பாதாளத்திலிருந்து வந்ததால் ‘பாஞ்சியோ பாதாளா’ என்று பெயர் வைத்தார்கள்.

இது ஒற்றைச் சம்பவம் இல்லை. கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த கண்ணில்லாக் கெளுத்தி ஒன்றை 1950-லேயே ஏ.ஜி.கே.மேனன் விவரித்தார். ‘ஹோராகிளானிஸ்’ என்ற அந்தப் பேரினத்தில் இன்னொன்று திருச்சூர் மாவட்டத்துக் கிணற்றில் கிடைத்தபோது, 2012-ல் அதற்கு அப்துல் கலாமின் பெயரைச் சூட்டினார்கள். கோழிக்கோட்டுக் கிணற்றில் கிடைத்த இரண்டரை சென்டிமீட்டர் மீனுக்கு 2019-ல் கிடைத்த பெயர் ‘புஜியா’. ஆமாம், கடையில் பொட்டலத்தில் விற்கும் ஓமப்பொடிதான். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு மலப்புறத்து வயலில் ஒதுங்கிய விசித்திர மீன் ஒன்று, விரால் மீன்களின் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. எவ்வளவு தூரம் என்றால், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த கிளை. 2020-ல் அதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்க வேண்டியிருந்தது.

இவை எல்லாம் ஏதோ காட்டுக்குள் பதுங்கிய உயிர்கள் அல்ல. குடத்தில் சேந்தி, சோறு பொங்கும் தண்ணீரில் இருப்பவை.

இருட்டு விதிக்கும் நிபந்தனைகள்

நிலத்தடியில் யார் வாழலாம் என்பதை அங்குள்ள நீரும் பாறையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முதல் நிபந்தனை இருட்டு. வெயில் இல்லாததால் பாசி இல்லை, செடி இல்லை. அப்படியானால் சோறு எங்கிருந்து வரும்? மேலேயிருந்துதான். இலை மட்கிய சாறு மழையோடு மண்ணில் இறங்குகிறது. அதைத் தின்று பாக்டீரியாக்கள் மணல் பருக்கையின் மேலும் பாறை இடுக்கிலும் வழவழவென்று படிகின்றன. அந்தப் படலத்தை மேய்வதற்குக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கூனிகள், புழுக்கள். அவற்றைத் தின்ன, இடம் இருந்தால், மீன்.

வரவு குறைந்த வீட்டில் செலவும் குறையும். கண்ணும் நிறமும் அங்கே வீண் செலவு. தலைமுறை தலைமுறையாக அவை போய்விட்டன. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் அப்படியே தெரிகிறது. ஹோராகிளானிஸ் செக்கச் சிவந்திருப்பது அதனால்தான். இத்தகைய உயிர்கள் பொதுவாக மெதுவாக வளரும், குறைவாக முட்டையிடும், நெடுநாள் வாழும். ஐரோப்பாவின் பாதாள நீரில் வாழும் ‘ஓல்ம்’ என்ற வெளிறிய நீர்ப்பல்லியைக் குகையொன்றில் கவனித்தவர்கள், அவற்றில் ஒன்று 2,569 நாள்கள் இருந்த இடத்திலேயே இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஏழு ஆண்டு! அவசரம் என்ற சொல்லே அந்த உலகத்தில் கிடையாது. அதனால்தான், ஒரு கோடையில் நாம் உண்டாக்கும் இழப்பை ஈடுகட்ட அவற்றுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அடுத்தது, இடம். களிமண்ணில் அநேகமாக யாரும் வாழ முடியாது. ஆற்று மணலில் பருக்கைக்கும் பருக்கைக்கும் இடையில் நெளிந்து போகிற அளவுக்கு மெலிந்தவை மட்டும் வாழும். ஆந்திரக் கடலோர மாவட்டங்களின் ஆற்று மணலிலும் அடிபம்புத் தண்ணீரிலும் ஒரு மில்லிமீட்டர் அளவேயான இத்தகைய உயிர்களைப் பல்லாண்டுகள் தேடி, புதிய இனங்களாக விவரித்தவர் ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ரங்கா ரெட்டி. அந்த மணலில் மீனுக்கு இடமில்லை.

கேரளத்தில் மீனுக்கு இடம் கொடுத்தது வெட்டுகல். நாம் செம்பூராங்கல் என்கிறோம். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைக் கண்டு, ‘லேட்டரைட்’ என்று உலகத்துக்கே பெயர் வைத்தது மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில்தான். அது அச்சேறியது 1807-ல். நிலத்தில் இருக்கும்போது மண்வெட்டிக்கு வெட்டுப்படும், காற்றுப் பட்டால் கல்லாக இறுகும். ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள்: பஞ்சுபோல் பொத்தல் பொத்தலாக, விரல் நுழைகிற துளைகளும் இருக்கும். அந்தத் துளைகளின் வழியேதான் மழைநீர் இறங்குகிறது. அடியில் களிமண்ணைக் கரைத்துச் சுரங்கம்போல் வழி உண்டாக்குகிறது. இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையில் கிணறு மளமளவென்று நிறைவதும், மாசி பங்குனியில் அடிமணல் தெரிவதும் இதனால்தான். நீர் ஏறும்போது மீன்களும் மேலே வருகின்றன. கிணறு, வாய்க்கால், வயல் என்று எங்காவது தலைகாட்டுகின்றன.

கொடுக்கிற அதே துளைகள் கெடுக்கவும் செய்யும். மணல் வடிகட்டுவதுபோல் வெட்டுகல் வடிகட்டாது. செப்டிக் டேங்க் கசிந்தால் அது விரைவில் கிணற்றை எட்டும்.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். சாக்கடை என்பது பாக்டீரியாவுக்குப் பெரிய விருந்து. அப்படியானால் பட்டினி கிடக்கும் பாதாள உயிர்களுக்கு அது நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. விருந்துண்ணும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அழுக்கு நீரில் பெருகப் பழகிய மேல்நிலத்துப் புழுக்கள் உள்ளே இறங்கி இடத்தைப் பிடிக்கும். பட்டினியைப் பலமாக்கிக்கொண்டவர்கள் அந்தப் பந்தியில் தோற்றுப்போவார்கள். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: முற்றத்துக்கு சிமென்ட் ஓடு பதித்து, தெருவுக்கு கான்கிரீட் போட்டால், மழையோடு இறங்கும் சோறு நின்றுபோகும்.

‘பாதுகாப்பானது’ என்கிறது கணக்கு

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 மதிப்பீட்டின்படி, நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 245 பில்லியன் கன மீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறோம். எடுக்கக்கூடிய அளவில் தமிழ்நாடு ஏறத்தாழ முக்கால் பங்கை எடுக்கிறது. கேரளம் பாதிக்குச் சற்று மேல். ஆகவே கேரளத்தின் பெரும்பாலான ஒன்றியங்களுக்கு ‘பாதுகாப்பானது’ என்ற முத்திரை கிடைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது வங்கிப் பாஸ்புக் மாதிரி: வரவு, செலவு, இருப்பு. ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து இருப்பு சரியாக இருக்கலாம். பங்குனியில் நான்கு வாரம் கிணறு வற்றினால் மீனுக்கு அந்த நான்கு வாரம்தான் ஆண்டு.

நீர்மட்டம் இறங்கினால் உயிர்களும் கூடவே இறங்கிவிடாதா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் குழாய்களில் மணலை நிரப்பி, நிலத்தடிக் கூனிகளை விட்டு, நீரை இறக்கிப் பார்த்தார்கள். சில நீரோடு இறங்கின. பல ஈர மணலிலேயே சிக்கிக்கொண்டன. இயற்கையில் கோடை மெல்லத்தான் நீரை இறக்கும். 10 குதிரைத்திறன் மோட்டாருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவனும் சக ஆய்வாளர்களும் ஹோராகிளானிஸ் பற்றி 2023-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. ஆறு ஆண்டுகள் கிணற்றுக்காரர்களிடம் பேசிப் பேசி, 47 புதிய இடங்களில் இந்தக் கெளுத்திகள் இருப்பதைப் பதிவு செய்தார்கள். பார்க்க எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கின்றன. மரபணுவைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ஒரு பகுதியின் மீனும் இன்னொரு பகுதியின் மீனும் நெடுங்காலமாகச் சந்தித்ததே இல்லை என்று பொருள். எனவே ‘இங்கே போனால் அங்கே இருக்கிறது’ என்று ஆறுதல் கொள்ள முடியாது. அந்த ஆய்வில் கண்ட புதிய இனத்துக்கு ‘பாபுலி’ என்று பெயர் வைத்தார்கள்: மக்களுடையது. கண்டுபிடித்துக் கொடுத்தது மக்கள்தானே.

இதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது. கேரளத்தில் இத்தனை மீன்கள் தெரியவந்ததற்கு முதல் காரணம் வீட்டுக்கு ஒரு திறந்த கிணறு. 2021-ல் விவரிக்கப்பட்ட கண்ணில்லா விலாங்கு போன்ற மீன் ஒன்று மும்பையில் கிடைத்ததும் கிணற்றில்தான். பார்வையற்றோர் பள்ளி வளாகத்துக் கிணறு அது என்பது தற்செயல். ஆனால் மறக்க முடியாத தற்செயல். நிலத்தடி உலகத்துக்கு நாம் வைத்திருக்கும் சன்னல் திறந்த கிணறு. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கடும்பாறை. அதில் ஆறு அங்குலத் துளை போட்டு ஆயிரம் அடிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். அந்தத் துளைக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பழைய கிணற்றையோ குப்பை போட்டு மூடுகிறோம். இல்லையென்று சொல்வதற்கு முன் தேடியிருக்க வேண்டும்.

சுக்கான்கல்லும் யுரேனியமும்

உலகில் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் 1998 நீர்ப் பாதுகாப்பு விதிகள், நிலத்தடி நீரில் வாழும் உயிர்கள் இயல்பான நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்ட விண்ணப்பித்தால், நிலத்தடி உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்ட வேண்டும்.

காட்டினால் மட்டும் போதுமா? அங்குள்ள யீலிரி என்ற இடத்தில் யுரேனியச் சுரங்கத்துக்கு விண்ணப்பம் வந்தது. சுக்கான்கல் படிவத்தில் தேங்கிய நீரில் வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் இருந்தன. அவற்றில் சில அடியோடு அழியக்கூடும் என்பதால் சுரங்கம் வேண்டாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் 2016-ல் பரிந்துரைத்தது. 2017 ஜனவரியில் மாநில அரசு அனுமதி கொடுத்தது. 2019-ல் மத்திய அரசும் கொடுத்தது. இந்தக் கதையை நம்பிக்கையூட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும், எதை அழிக்கப் போகிறோம் என்று தெரிந்து, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நம் ஊரில் நிலத்தடி நீர் எடுக்கத் தடையில்லாச் சான்று கேட்டால், எவ்வளவு எடுப்பாய், மீட்டர் வைப்பாயா, எவ்வளவு திருப்பிச் செறிவூட்டுவாய் என்று கேட்கிறார்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

‘கூனிக்காகச் சுரங்கத்தை நிறுத்துவதா?’ என்று சிரிப்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம். பருக்கைகளின் மேல் படியும் வழவழப்பை மேய்ந்து, துளைகள் அடைபடாமல் வைப்பதில் இந்தச் சிற்றுயிர்களுக்குப் பங்குண்டு. காசு கொடுக்காமல் நமக்கு ஓடிக்கொண்டிருக்கும் வடிகட்டியின் உதிரிபாகங்கள் அவை.

பிளீச்சிங் பவுடரில் தொடங்கலாம்

குளோரினுக்கே திரும்புவோம். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: நகராட்சிக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து, வாசம் போன பிறகே மீனை விடுவார்கள். மனிதருக்குப் பாதுகாப்பான அளவு குளோரினே மீனுக்கு விஷம். ஆகவே, குடிக்கும் கிணற்றில் போடத்தான் வேண்டும் என்றால், அளந்து போட வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படுவது ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். வெள்ளம் போன்ற நேரங்களில் அதைப்போல் இருமடங்கு. ஆறடி விட்டக் கிணற்றில் பத்தடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 8,000 லிட்டர். அதற்கு 20 கிராம் போதும். இரண்டு மேசைக்கரண்டிக்குள் அடங்கிவிடும்! நடைமுறையிலோ கிலோ பாக்கெட்டைக் கிழித்து அப்படியே கவிழ்ப்பதைப் பார்க்கிறோம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, தெளிவை மட்டும் இறக்கிக் கலக்க வேண்டும். அளவோடு இட்டது பெரும்பாலும் கிணற்றுக்குள்ளேயே செலவாகித் தணிந்துவிடும். கவிழ்த்தது ஊற்றுக்கண் வழியே உள்ளே போகும்.

சுகாதாரப் பணியாளர் கையில் ஓர் அளவுக் கரண்டியும், கிணற்றின் விட்டம், நீரின் ஆழம், மருந்தின் அளவு அச்சிட்ட ஓர் அட்டையும் இருந்தால் முக்கால் பிரச்சினை தீரும். அதைவிட நல்லது, முடிந்த இடங்களில் தொட்டியில் குளோரின் இடுவது. அந்த அமீபா வெதுவெதுப்பை விரும்புவது. வெயிலில் காயும் கறுப்புத் தொட்டி அதற்குத் தோதான இடம். தொட்டியைத் தவறாமல் கழுவிக் குளோரின் இட்டால், குளிப்பவர் மூக்குக்குள் போகும் தண்ணீர் சுத்தமாகும். கிணற்றுக்கும் அடிக்கடி மருந்து போட வேண்டியிருக்காது. கண்ணில்லா மீன்கள் கிடைத்த ஊர்களில் இந்த வழியையே முதலில் சொல்ல வேண்டும்.

கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீனைக் கிணற்றில் விடுவதை நிறுத்தலாம். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் கொசுப் புழுவோடு நிறுத்திக்கொள்ளாது. அகப்படும் கூனியையெல்லாம் தின்னும். புதுக் கிணறு வெட்டியதும் குளத்திலிருந்து நாலு கெளுத்தியைப் பிடித்து விடுகிற நம் வழக்கத்துக்கும் இதே பதில்தான். கிணற்றின் வாயில் கொசுவலை கட்டினால் வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து வீடுதோறும் கட்டாயம். பல வீடுகளில் மொட்டைமாடிக் குழாயை நேரே பழைய கிணற்றில் திருப்பிவிட்டிருக்கிறார்கள்: காக்கை எச்சம், பெயின்ட் தூள், புழுதி எல்லாம் சேர்த்து. ஜல்லியும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டிக்கு ஆகும் செலவு பெரிதல்ல. கைவிட்ட கிணற்றைக் கழிவுத் தொட்டியாக்குவதை ஊராட்சிகள் தண்டத்தோடு தடுக்க வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆட்கள் கண்காணிப்புக் கிணறுகளுக்கு ஆண்டுக்கு நான்கு முறை போய் மட்டம் அளக்கிறார்கள். அதில் ஒருமுறை, நாடாவோடு ஒரு நுண்வலையையும் இறக்கி இழுத்து, வருவதை ஒரு குப்பியில் பிடித்து அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்குக் கொடுத்தால் போதும். புதிய துறையோ பதவியோ வேண்டாம். தமிழ்நாட்டில் முதலில் தேட வேண்டிய இடம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி. அங்குள்ள செம்பூராங்கல் நிலம் கேரளத்தின் தொடர்ச்சி.

வெட்டுகல் குவாரிக்கு உரிமம் கொடுக்கும் முன், சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களிடம் சிவப்பாக, கண்ணில்லாமல், சுண்டுவிரலைவிடச் சிறிதாக ஏதாவது பார்த்ததுண்டா என்று விசாரித்து எழுதுவதை விண்ணப்பத்தின் ஒரு பகுதியாக்கலாம். கல்லை அள்ளிவிட்டால் மழை தேங்கும் அந்தப் பஞ்சும் போய்விடுகிறது.

கடைசியாக, தூர் வாருகிறவர். பங்குனியில் நீர் அடிமட்டத்துக்கு வரும்போது உள்ளே இறங்குபவர் அவர் ஒருவர்தான். சேற்றை வாளி வாளியாக மேலே அனுப்புவதும் அவர்தான். அந்த முதல் சில வாளிகளை வாழைமரத்தடியில் கொட்டிவிடாமல், அகன்ற வெள்ளை டப்பில் ஊற்றிக் கொஞ்சம் தெளியவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது நெளிந்தால், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து செல்போனில் படம் எடுத்து, அருகிலுள்ள மீன்வளக் கல்லூரிக்கு அனுப்பலாம். வெயில் படாமல் ஈரச்சாக்கால் டப்பை மூடிவைத்து, வேலை முடிந்து ஊற்று மீண்டும் ஒரு முழம் ஏறியதும், அதே கிணற்றுத் தண்ணீரோடு மெதுவாக உள்ளே இறக்கிவிட்டால் போதும்.